கத்தியில்லாமல் முகத் தோலை இறுக்கும் ‘ஹைஃபு’ சிகிச்சை: பலன் எவ்வளவு, வலிக்குமா, யாருக்கு வேண்டாம்?

‘கத்தி இல்ல, தையல் இல்ல, லீவும் போட வேண்டாம். ஒரே சிட்டிங்ல பத்து வயசு குறைஞ்சிடும்’ என்ற பாணியில் வரும் விளம்பரங்களை ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பார்க்காதவர்கள் குறைவு. ஒரு காலத்தில் சினிமாக்காரர்கள் செய்துகொள்வது என்று பேசப்பட்ட சிகிச்சை இது. இப்போது செல்போன் இருக்கும் எல்லா வீட்டுக்கும் அதன் விளம்பரம் வந்துவிடுகிறது. வீட்டில் கல்யாணம், நிச்சயதார்த்தம் என்று ஒரு விசேஷம் நெருங்கும்போது, ‘முகமெல்லாம் தொங்கிப் போச்சே, ஏதாவது பண்ணலாமா?’ என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

அத்திப்பட்டு போன்ற ஊரில் இந்தக் கேள்வி எழுவதில் ஆச்சரியம் இல்லை. வடசென்னை அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம், நிலக்கரி, கன்டெய்னர் லாரி என்று வெயிலிலும் புழுதியிலும் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த பகுதி. முகம் வயதைவிடச் சீக்கிரம் தளர்வது இங்கே பலரும் கண்ணாடியில் பார்க்கும் உண்மை. ஆனால், காண்ட்ராக்ட் வேலையில் இருப்பவரின் சில மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடக்கூடிய சிகிச்சை இது. பணம் கட்டுவதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை என்னென்ன? விரிவாகப் பார்க்கலாம்.

ஹைஃபு என்றால் என்ன?

அதிக அடர்த்தியில் ஒரே புள்ளியில் குவிக்கப்படும் அல்ட்ராசவுண்ட் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ‘ஹைஃபு’. அல்ட்ராசவுண்ட் என்பது மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி அலை. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனில் இருப்பது இதுதான். காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் விசைப்படகுகளில் மீன் கூட்டத்தையும் கடலின் ஆழத்தையும் காட்டும் கருவியும் ஒலி அலையை அனுப்பித்தான் வேலை செய்கிறது. எண்ணூர் பக்கம் பாய்லர், பைப்லைன் வேலை பார்க்கும் வெல்டர்களுக்கு ‘யூ.டி. டெஸ்ட்’ தெரிந்திருக்கும். வெல்டிங்கில் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, இரும்பின் மேல் ஜெல் தடவி ஒரு புரோபை வைத்துத் தேய்ப்பார்களே, அதுவும் அல்ட்ராசவுண்ட்தான்.

ஸ்கேனிலும் யூ.டி. டெஸ்ட்டிலும் அலையை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துப் படம் பார்க்கிறார்கள். ஹைஃபுவில் அலைகளை ஓர் ஆழத்தில் ஒரே புள்ளியில் குவித்துச் சூடாக்குகிறார்கள். பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்தால் கீழே இருக்கும் காகிதம் ஒரே இடத்தில் மட்டும் கருகும். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் கையை வைத்தால் அந்த அளவுக்குச் சுடாது. அதே கணக்குதான் இங்கேயும். மேல்தோல் தப்பிக்கிறது, உள்ளே இருக்கும் புள்ளி மட்டும் சூடாகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1950-களிலேயே அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஃப்ரை சகோதரர்கள் மூளைச் சிகிச்சைக்காகக் குவிக்கப்பட்ட அல்ட்ராசவுண்டை ஆராய்ந்திருக்கிறார்கள். கருப்பைக் கட்டிகளுக்கு இந்த முறையில் சிகிச்சை தரும் கருவிக்கு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) 2004-ல் ஒப்புதல் கொடுத்தது. முகத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ‘அல்தெரபி’ என்ற பெயரில் விற்கப்படும் கருவிக்குப் புருவத்தை உயர்த்த 2009-லும், கழுத்து மற்றும் தாடைக்கு அடியில் உள்ள தோலைத் தூக்க 2012-லும், மார்பின் மேல்பகுதிச் சுருக்கங்களுக்கு 2014-லும் எஃப்டிஏ அனுமதி கிடைத்தது.

தோலுக்குள்ளே என்ன நடக்கிறது?

தோலுக்கு இறுக்கம் தருவது கொலாஜன் என்ற புரதம். வீடு கட்டும்போது கான்கிரீட்டுக்குள் கம்பி இருப்பதுபோல, தோலுக்குள் கொலாஜன் இழைகள் இருக்கின்றன. இளமைப் பருவம் தாண்டியதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் வீதம் இது குறைந்துகொண்டே போகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இந்தக் குறைவு வேகமெடுக்கிறது.

ஹைஃபு கருவி, தோலுக்கு அடியில் 1.5 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர், 4.5 மில்லிமீட்டர் என்ற ஆழங்களில், கடுகைவிடச் சிறிய புள்ளிகளாகச் சூட்டைப் பாய்ச்சுகிறது. அந்தப் புள்ளியில் வெப்பம் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. சூடான சட்டியில் போட்ட இறால் சுருண்டுகொள்வதுபோல, அந்தச் சூட்டில் கொலாஜன் இழைகள் சுருங்குகின்றன. இது முதல் கட்டம்.

இரண்டாவது கட்டம்தான் முக்கியம். சூடுபட்ட அந்தப் புள்ளிகளைக் காயம் என்று நினைத்து, உடம்பு தானாகவே பழுதுபார்க்கத் தொடங்குகிறது. அந்தப் பழுதுபார்ப்பில் புதிய கொலாஜன் உருவாகிறது. இதற்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நேரம் எடுக்கும். எனவே, ‘பண்ணிட்டு வெளியே வந்ததும் முகம் மாறிடும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உடனே தெரியும் மாற்றத்தில் பெரும்பகுதி லேசான வீக்கம்தான். அது சில நாளில் வடிந்துவிடும்.

4.5 மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. முகத் தசைகளைப் போர்த்தியிருக்கும் ‘ஸ்மாஸ்’ என்ற படலம் பல இடங்களில் அந்த ஆழத்தில் இருக்கிறது. ஃபேஸ்லிஃப்ட் அறுவை சிகிச்சையில் டாக்டர்கள் இழுத்துத் தைப்பது இந்தப் படலத்தைத்தான்.

வெயிலில் வேலை பார்ப்பவர்களுக்கு முகம் ஏன் சீக்கிரம் தளர்கிறது?

2012-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ என்ற மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. 69 வயதான ஒருவர், 28 ஆண்டுகள் டெலிவரி லாரி ஓட்டியவர். அவருடைய முகத்தின் வலப்பக்கம் ஓரளவு சாதாரணமாக இருந்தது. இடப்பக்கத் தோல் மட்டும் தடித்து, மடிப்பு மடிப்பாகச் சுருங்கித் தொங்கியது. அமெரிக்காவில் டிரைவர் சீட் இடப்பக்கம். ஜன்னல் கண்ணாடி வழியாக அத்தனை ஆண்டுகள் வெயில் பட்டது அந்தப் பக்கம்தான்.

எரிச்சலும் கறுப்பும் தரும் யூவி-பி கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும். ஆனால் தோலுக்குள் ஆழமாகப் போய்க் கொலாஜனைச் சிதைக்கும் யூவி-ஏ கதிர் கண்ணாடியைத் தாண்டி வரும். துறைமுகச் சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரி டிரைவருக்கு இது அப்படியே பொருந்தும். நம் ஊரில் டிரைவர் சீட் வலப்பக்கம் என்பதால், வெயில் தாக்குவதும் வலக் கன்னத்தைத்தான். யார்டில் நிற்பவர், மீன் காயவைப்பவர், கட்டட வேலை பார்ப்பவர் ஆகியோருக்குக் கண்ணாடித் தடுப்புகூட இல்லை.

புழுதிக்கும் புகைக்கும் பங்கு உண்டா? ஜெர்மனியின் ரூர் என்ற நிலக்கரித் தொழிற்பகுதியிலும் அருகே உள்ள கிராமப்பகுதியிலும் வசித்த 400 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. புகைக்கரியும் வாகனப் புகைத் துகள்களும் அதிகமுள்ள இடத்தில் வசித்தவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் சுமார் 20 சதவீதம் கூடுதலாக இருந்ததாக அந்த ஆய்வு சொன்னது. இதோடு புகைபிடிக்கும் பழக்கமும் சேர்ந்தால் தோல் இன்னும் வேகமாகத் தளரும்.

பலன் எவ்வளவு? எப்போது தெரியும்?

விளம்பரத்துக்கும் ஆய்வுக்கும் இடையில் இருக்கும் தூரத்தைப் புரிந்துகொள்ள ஒரு எண் போதும்: 1.7 மில்லிமீட்டர்.

சிகாகோவில் உள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 35 பேரின் முகத்தை அல்ட்ராசவுண்ட் சிகிச்சைக்கு முன்பும் 90 நாள் கழித்தும் ஒப்பிட்டார்கள். யாருடைய படம் எது என்று தெரியாத நிபுணர்கள் மதிப்பிட்டதில், 35 பேரில் 30 பேருக்குப் புருவம் உயர்ந்திருந்தது. அதாவது 86 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உயர்ந்த அளவு, சராசரியாக 1.7 மில்லிமீட்டர்.

ஒரு நாணயத்தின் தடிமன் அளவு. முகத்தைப் பொறுத்தவரை இது சின்ன விஷயமும் இல்லை. புருவமோ தாடைக் கோடோ அந்த அளவு உயர்ந்தாலே ‘கொஞ்சம் ஃபிரெஷ்ஷா இருக்கியே’ என்று மற்றவர்கள் சொல்லலாம். ஆனால் பத்து வயது குறையாது. மீதி ஐந்து பேருக்கு மாற்றம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தாலும் பலன் கிடைக்காமல் போகும் வாய்ப்பு உண்டு.

பொதுவாக முழுப் பலன் தெரிய 2 முதல் 3 மாதம் ஆகும். சிலருக்கு 6 மாதம் வரை மெதுவாக மாற்றம் தொடரும். அதன் பிறகு ஓராண்டு, சிலருக்கு அதற்கும் சற்று மேல் நீடிக்கலாம். வயது ஏறுவது நிற்காது என்பதால் நிரந்தரப் பலன் என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே, அடுத்த வாரம் கல்யாணம் என்றால் இந்தச் சிகிச்சையால் மேடையில் நிற்கும்போது பலன் இருக்காது. வீக்கமோ ரத்தக்கட்டோ இருந்தால் அதுதான் போட்டோவில் தெரியும். விசேஷத்தை மனதில் வைத்துச் செய்பவர்கள் குறைந்தது 3 மாதம் முன்பே திட்டமிட வேண்டும்.

எதையெல்லாம் இது சரிசெய்யாது?

ஏமாற்றம் அதிகம் வருவது இந்த இடத்தில்தான்.

தோல் ரொம்பவும் தொங்கிப்போனவர்களுக்கு, குறிப்பாக உடல் எடையைப் பெருமளவு குறைத்ததால் தோல் தளர்ந்தவர்களுக்கு, ஹைஃபு போதாது. அவர்களுக்கு அறுவை சிகிச்சைதான் வழி என்று நேர்மையான டாக்டர் முதல் நாளே சொல்லிவிடுவார். லேசான முதல் நடுத்தரத் தளர்ச்சி வரை உள்ளவர்களுக்கே இது ஏற்றது.

கரும்புள்ளி, மங்கு, வெயிலால் வந்த கறுப்பு ஆகியவற்றை இது போக்காது. நிறமி இருப்பது மேல்தோலில். ஹைஃபு அதைத் தாண்டி உள்ளே போகிறது. முகம் ‘வெளுக்கும்’ என்று சொல்லி யாராவது ஹைஃபு விற்றால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

அதே காரணத்தால் நம் ஊர்த் தோலுக்கு ஒரு சாதகமும் உண்டு. சில லேசர் சிகிச்சைகளில் கதிரைத் தோலின் கறுப்பு நிறமியே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் சூடுபட்டுக் கறை விழும் அபாயம் அதிகம். ஒலி அலைக்குத் தோலின் நிறம் ஒரு பொருட்டில்லை. ஆனால் செய்முறை தவறி மேல்தோலில் சூடுபட்டால், அந்தத் தழும்பு நம் தோலில் பல மாதங்களுக்குக் கறுப்பாகவே நிற்கும்.

சிகிச்சை நாளில் என்ன நடக்கும்? வலிக்குமா?

முதலில் முகத்தைக் கழுவித் துடைத்து, எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுப்பார்கள். மரத்துப்போகும் க்ரீம் தடவி அரை மணி நேரம், ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லலாம். சில டாக்டர்கள் வலி மாத்திரையும் தருவார்கள். பிறகு முகத்தில் கோடு போட்டுக்கொண்டு, ஜெல் தடவி, கருவியின் கைப்பிடியைத் தோலில் அழுத்தி வைத்து, வரிசை வரிசையாக ஒலி அலையைப் பாய்ச்சுவார்கள். பகுதியைப் பொறுத்து அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும்.

‘வலியே இருக்காது’ என்பது உண்மையில்லை. ஊசி குத்துவதுபோலவும், உள்ளே சுரீர் என்று சூடு பாய்வதுபோலவும் இருக்கும் என்று செய்துகொண்டவர்கள் சொல்வது வழக்கம். தாடை எலும்பு, நெற்றி எலும்புக்கு மேலே வரும்போது வலி கூடும். பல்லில் கூச்சம் போலவும் தெரியலாம். மேலே தடவும் மரக்கும் க்ரீம் அவ்வளவு ஆழத்துக்கு முழுதாகப் போய்ச் சேராது. பொறுக்க முடியாத வலி வந்தால் உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ என்று தொடர்ந்து செய்வது சரியல்ல. அளவுக்கு மீறிய வலி, அலை தவறான இடத்தில் பாய்வதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

முடிந்ததும் முகம் சிவந்திருக்கும், சில மணி நேரத்தில் சரியாகும். லேசான வீக்கம் சில நாள் இருக்கலாம். தொட்டால் வலிப்பது, மதமதப்பு, ஆங்காங்கே ரத்தக்கட்டு ஆகியவை இரண்டு வாரம் வரை இருக்கலாம். பெரும்பாலானோர் மறுநாளே வேலைக்குப் போய்விடுகிறார்கள். வெயிலில் நிற்கும் வேலை என்றால் சில நாள் நிழலில் இருப்பதும், சன்ஸ்கிரீன் தடவுவதும் அவசியம்.

பக்க விளைவுகள் என்ன?

அரிதாக வந்தாலும் தெரிந்திருக்க வேண்டியவை இவை:

• நரம்புப் பாதிப்பு: தாடையோரமாகப் போகும் நரம்பில் சூடுபட்டால், சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணிப்போகும். பெரும்பாலும் சில வாரம் அல்லது சில மாதத்தில் தானாகச் சரியாகும். ஆனாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

• தீக்காயம்: கைப்பிடி தோலில் சரியாகப் பதியாமல் இருந்தாலோ, ஜெல் குறைவாக இருந்தாலோ சூடு மேல்தோலிலேயே இறங்கிவிடும். கோடு கோடாகத் தடிப்பு, கொப்புளம், பிறகு தழும்பு வரும். வெல்டிங்கில் யூ.டி. பார்ப்பவர்கள் ஜெல் இல்லாமல் புரோபை வைக்க மாட்டார்கள். நடுவில் காற்று இருந்தால் அலை சரியாக உள்ளே இறங்காது.

• கன்னம் ஒட்டிப்போவது: ஆழமான கார்ட்ரிட்ஜைத் தேவையில்லாத இடத்தில் பயன்படுத்தினால் முகக் கொழுப்பு கரையலாம். ஏற்கெனவே ஒல்லியான முகம் உள்ளவர்களுக்கு வயது குறைவதற்குப் பதில் கூடிவிட்டதுபோலத் தெரியும்.

• கண் பாதிப்பு: இமைக்கு மேலும் கண் குழிக்குள்ளும் ஹைஃபு செய்யவே கூடாது. அப்படிச் செய்ததால் கண்ணில் புரை விழுந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

யாருக்கு வேண்டாம்?

கர்ப்பிணிகளுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் வேண்டாம். சிகிச்சை செய்யும் இடத்தில் புண், கட்டி, சீழ் வைத்த முகப்பரு, அக்கி உள்ளவர்களும் அது ஆறும் வரை தள்ளிப்போட வேண்டும். பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்பில் இருப்பவர்கள், முகத்தில் உலோகத் தகடு வைத்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விபத்தில் தாடை உடைந்து பிளேட் வைத்த பலருக்கு அது இருப்பதே மறந்துபோயிருக்கும்.

காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் ‘கீலாய்டு’ உடல்வாகு உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், முன்பு முக வாதம் வந்தவர்கள், அண்மையில் முகத்தில் ஃபில்லர் ஊசி போட்டவர்கள் ஆகியோர் டாக்டரிடம் பேசாமல் முடிவெடுக்கக் கூடாது.

இன்னொரு விஷயமும் உண்டு. சிவப்பழகு க்ரீம் என்ற நம்பிக்கையில் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மாதக்கணக்கில் தடவுபவர்கள் இருக்கிறார்கள். அது தோலை மெலிதாக்கிவிடும். அப்படித் தடவியிருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

யார் செய்யலாம்? சட்டம் என்ன சொல்கிறது?

இந்தச் சிகிச்சையில் கருவியைவிடக் கைப்பிடியைப் பிடிக்கும் கைதான் முக்கியம். ஒருவருடைய கன்னத்தில் கொழுப்பு எவ்வளவு, நரம்பு எங்கே போகிறது, எந்த இடத்தில் எந்த ஆழம் என்பதை முடிவெடுக்க உடற்கூறு தெரிந்திருக்க வேண்டும். அல்தெரபி போன்ற சில கருவிகளில், சூட்டைப் பாய்ச்சுவதற்கு முன்பு தோலின் அடுக்குகளை ஸ்கேன் படமாகத் திரையில் பார்க்கும் வசதி இருக்கிறது. ஹைஃபு என்று விற்கப்படும் பல கருவிகளில் அந்த வசதி கிடையாது. அங்கே எல்லாம் செய்பவரின் அனுபவத்தைப் பொறுத்தது.

ஜப்பானில் நடந்ததைப் பாடமாகப் பார்க்கலாம். அங்கே அழகு நிலையங்களில் டாக்டர் அல்லாதவர்கள் ஹைஃபு செய்து தீக்காயமும் நரம்புப் பாதிப்பும் வந்ததாகப் புகார்கள் குவிந்தன. நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு விசாரணை ஆணையம் 2023 மார்ச்சில் இதுபற்றி அறிக்கை கொடுத்தது. 2024 ஜூனில், டாக்டர் அல்லாதவர்கள் ஹைஃபு செய்வது மருத்துவர் சட்டத்தை மீறும் செயல் என்று ஜப்பான் சுகாதார அமைச்சகம் அறிவித்தது.

இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் முடி மாற்று சிகிச்சைக்காக வெளியிட்ட வழிகாட்டுதலில், பயிலரங்கில் பார்த்தோ யூடியூப் பார்த்தோ கற்றுக்கொள்வது அழகியல் சிகிச்சைகளைத் தொடங்கப் போதுமான பயிற்சி ஆகாது என்று சொன்னது. தமிழ்நாட்டில் கிளினிக் நடத்த, 1997-ம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். பார்லருக்கான வணிக உரிமம் இதற்கு ஈடாகாது.

‘காஸ்மெட்டாலஜிஸ்ட்’ என்ற போர்டைப் பார்த்து மட்டும் டாக்டர் என்று முடிவு செய்துவிடக் கூடாது. சில மாதப் படிப்பு முடித்தவர்களும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள். எம்பிபிஎஸ் முடித்து, தோல் மருத்துவத்திலோ பிளாஸ்டிக் சர்ஜரியிலோ மேல்படிப்பு படித்தவரா என்று பார்க்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கேட்பதில் தப்பே இல்லை. தகுதி உள்ளவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

செலவு எவ்வளவு ஆகும்?

சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டியும் போகிறது. கருவி எது, முகத்தில் எவ்வளவு பகுதி, எத்தனை ‘லைன்’ அல்லது ‘ஷாட்’, செய்வது யார் என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். கருவியின் கார்ட்ரிட்ஜுக்கு ஆயுள் உண்டு. குறிப்பிட்ட ஷாட் முடிந்ததும் மாற்றியாக வேண்டும். மற்ற இடங்களைவிடப் பாதிக்கும் குறைவாக ஒரு இடத்தில் சொன்னால், ஷாட்டைக் குறைக்கிறார்களா, கார்ட்ரிட்ஜ் சரியானதுதானா என்று சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அழகுக்காகச் செய்வது என்பதால் மருத்துவக் காப்பீட்டில் பணம் கிடைக்காது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இதற்கு உதவாது. சொல்லும் தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். ‘ஆறு சிட்டிங் பேக்கேஜ், இன்னைக்கே கட்டினா பாதி விலை’, ‘இஎம்ஐ போட்டுத் தர்றோம்’ என்று அவசரப்படுத்தினால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முதல் முறை செய்ததன் பலனே தெரிய 3 மாதம் ஆகும் சிகிச்சையில், முதல் நாளே ஆறு முறைக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் என்ன?

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. சிகிச்சையை டாக்டரே செய்வாரா, உதவியாளர் செய்வாரா?

2. கருவியின் பெயர் என்ன? இந்தியாவில் விற்க மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் அதற்கு இருக்கிறதா?

3. எந்தெந்த ஆழத்தில், எத்தனை ஷாட் கொடுக்கப்போகிறீர்கள்?

4. என் முகத்துக்கு இது பலன் தருமா? தராமல் போக வாய்ப்பு எவ்வளவு?

5. தீக்காயமோ நரம்புப் பாதிப்போ வந்தால் யார் பார்ப்பார்கள்? அதற்குத் தனிக் கட்டணமா?

6. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்குவீர்களா? பில், முன்-பின் போட்டோ கிடைக்குமா?

கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். கருவியின் பெயரும் ஷாட் எண்ணிக்கையும் எழுதிய பில் கையில் இருந்தால்தான் பிறகு எங்கேயும் போய்க் கேட்க முடியும்.

பிரச்சனை வந்தால் எங்கே போவது?

கொப்புளமோ, முகம் கோணுவதோ, பார்வை மங்குவதோ தெரிந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. செய்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருப்பதைவிட அரசு மருத்துவமனையில் காட்டுவது நல்லது. வடசென்னைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. அங்கே தோல் நோய்ப் பிரிவும் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவும் உண்டு. தீக்காயச் சிகிச்சைக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை பெயர் பெற்றது. ஆலோசனைக்கு 104 என்ற எண்ணில் பேசலாம்.

கிளினிக் மீதான புகாரை மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் கொடுக்கலாம். அத்திப்பட்டு திருவள்ளூர் மாவட்டத்தில் வருகிறது. ஆனால் சிகிச்சை எடுத்த கிளினிக் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அங்கேதான் புகார் போக வேண்டும். டாக்டர் மீதான புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்குப் போக வேண்டும்.

இழப்பீடு கேட்க நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பணம் கட்டிப் பெறும் மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பிரச்சனை ஏற்பட்டதிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கொடுத்த கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

குறைந்த செலவில் வேறு வழி உண்டா?

தளர்ந்துபோன தோலை இறுக்க வீட்டு வைத்தியம் எதுவும் இல்லை. ஆனால் இனிமேல் தளர்வதைத் தள்ளிப்போட முடியும். வெயிலுக்குப் பேர்போன ஆஸ்திரேலியாவின் நாம்பூர் என்ற ஊரில் 903 பேரை நாலரை ஆண்டுகள் கவனித்து நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் தடவியவர்களுக்கு, இஷ்டப்பட்டபோது மட்டும் தடவியவர்களைவிடத் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது.

எஸ்பிஎஃப் 30-க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீனைக் காலையில் தடவி, வெளி வேலையில் இருப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். வியர்வையில் அது சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால், ஹெல்மெட்டுக்கு அடியில் கழுத்து வரை தொங்கும் துணி, அகலமான தொப்பி, முழுக்கைச் சட்டை ஆகியவை இன்னும் உதவும். லாரி டிரைவர்கள் வலப்பக்கக் கன்னத்துக்கும் வலக்கைக்கும் தடவ மறக்கக் கூடாது. சுருக்கங்களைக் குறைக்க ரெட்டினாய்டு க்ரீம்களும் இருக்கின்றன. அவற்றைத் தோல் டாக்டர் எழுதிக்கொடுத்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

இதற்கெல்லாம் பிறகும் ஹைஃபு செய்துகொள்ள விருப்பமும் வசதியும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். முதலில் ஒரு தோல் டாக்டரிடம் முகத்தைக் காட்டி, ‘இது எனக்குத் தேவையா?’ என்று கேட்டுவிட வேண்டும். அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் அந்தக் கேள்விக்குக் கட்டணம் கிடையாது. கிடைக்கப்போவது ஒரு நாணயத்தின் தடிமன் அளவு மாற்றம்தான், அதுவும் 3 மாதம் கழித்துத்தான் என்று தெரிந்த பிறகும் மனது சரி என்று சொன்னால், எடுக்கும் முடிவு சரியாகவே இருக்கும்.